கண் திறந்த தூக்கம்

கார்லா ஸ்டென்ஸ்ருட் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவாள். முழுக் கண்ணும் அல்ல, பாதி. இமை இறங்கி வரும்போதே நடுவழியில் நின்றுவிடும். கீழே நீல விழி தெரிந்துகொண்டே இருக்கும். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால், பெண் எதையோ உன்னிப்பாகக் கவனிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் அவள் ஊர்ச் சர்ச்சில், பாதிரியார் ஒருமுறை அவள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "டேல், உங்க பொண்ணு மாதிரி பிரசங்கத்தைக் கவனமா கேக்குற ஆளை நான் பாத்ததே இல்ல" என்றார். டேல் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் யார் எதைக் கவனிக்காமல் விட்டாலும், "கார்லா மாதிரி கவனிச்சியா?" என்பதே பேச்சாகிவிட்டது.

கல்லூரியில் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. முதல் வருடம் கூடத் தங்கியிருந்த பெண் ஒரு விடியற்காலையில் பார்த்துவிட்டு அலறினாள். அன்றிலிருந்து கார்லா சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்தாள். அந்தப் பெண்ணும் ஊர் ஏக்கம் தாங்காமல் கிறிஸ்துமஸுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ரகசியம் பத்திரமாக இருந்தது.

லிண்டால் கல்லூரி சின்னக் கல்லூரி. சோளக் காட்டுக்கு நடுவே ஒரு குன்று, குன்றின்மேல் நாலைந்து செங்கல் கட்டடங்கள், அவ்வளவுதான். மாணவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் நாலு வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வகுப்பென்றால் பத்துப் பேர் வட்டமாக உட்கார்வார்கள். வாயைத் திறக்காமல் ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் கிடையாது. காலையில் கிரேக்க நாடகம், மதியம் பூச்சியின் வயிறு, சாயங்காலம் பாட்டுக் குழு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கையை நனைக்க வேண்டும். சீனி ஆலைக்கு பீட்ரூட் பயிரிடும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் கார்லா. "இதெல்லாம் படிச்சு என்னவாகப் போறே?" என்று அவள் சித்தப்பா ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்பார். "படிச்சவளா ஆகப் போறேன்" என்பாள் அவள். நான்காவது வருடம் வந்தபோது அந்தப் பதிலைச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

காரணம், அவள் தளப் பொறுப்பாளர். விடுதியின் இரண்டாம் தளத்தில் புதிதாக வந்த பெண்கள் முப்பது பேர். அவர்களுக்கு அக்கா, காவல்காரி, பாதி அம்மா, எல்லாம் அவள்தான். அறைச் சாவியை உள்ளே வைத்துவிட்டு ஈரத் துண்டோடு வெளியே நிற்பவள், பாப்கார்னைக் கருக்கித் தீ மணியை அலறவைப்பவள், வீட்டு நாயை நினைத்து அழுபவள், ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று சண்டை போடுபவர்கள், யாராக இருந்தாலும் முதலில் தட்டுவது கார்லாவின் கதவைத்தான். வருவார்கள், அவள் கட்டிலில் உட்கார்வார்கள், மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள், லேசாகி எழுந்து போவார்கள். கொட்டியது எல்லாம் அந்த அறையிலேயே கிடக்கும். மறுநாள் காலையில் அதையும் சுமந்துகொண்டுதான் அவள் வகுப்புக்குப் போவாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் நன்றாகவே சுமந்தாள். "கார்லாகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரி" என்று கல்லூரி முழுக்கப் பேர். அந்தப் பேர்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

டிசம்பர்த் தேர்வு வாரம். பனி கொட்டிக் குன்று வெளுத்துக் கிடந்தது. கார்லாவின் கடைசித் தேர்வு நிலவியல். கற்களை அடையாளம் காணும் தேர்வு அது.

பேராசிரியர் ஆர்வின் ஹாகன் அந்தக் கல்லூரிக்கு வந்தபோது கறுத்த தாடியோடு வந்தார் என்பார்கள். இப்போது தாடி வெளியே கிடந்த பனிக்குப் போட்டியாக இருந்தது. அட்டைப் பெட்டிகளில் ஒவ்வொரு கல்லாக வைத்து, மேலே எண் ஒட்டி, நீள மேஜையில் வரிசையாக அடுக்குவார். பெட்டியின் அடியில் அந்தக் கல்லின் பேரை அவரே எழுதி ஒட்டியிருப்பார். அதை மறைப்பதும் இல்லை, கிழிப்பதும் இல்லை. ஒவ்வொரு தேர்விலும் ஒரே வசனம்தான். "பேரு அடியில இருக்கு. திருப்பிப் பாத்தா உங்களுக்குக் கல்லு யாருன்னு தெரிஞ்சிரும், உங்களுக்கே நீங்க யாருன்னும் தெரிஞ்சிரும்." பிறகு கதவைச் சாத்திக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார். காவலுக்கு யாரும் இல்லை. லிண்டாலில் எந்தத் தேர்வுக்கும் காவல் கிடையாது.

காவலுக்குப் பதிலாக ஒரு வாக்கியம் இருந்தது. தாளின் கடைசியில் ஒவ்வொருவரும் தன் கையால் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: "இத்தேர்வில் நான் உதவி கொடுக்கவில்லை, பெறவில்லை, பிறர் பெற்றதைப் பார்க்கவும் இல்லை." நாலு வருடம் எழுதி எழுதி, கை அதைத் தானாகவே எழுதும். கையெழுத்து இல்லாத தாளுக்கு அந்தக் குன்றில் ஒரே அர்த்தம்தான்: நான் எதையோ பார்த்தேன், என் வாயால் பேரைச் சொல்ல முடியவில்லை. காட்டிக்கொடுக்க மனசில்லாதவர்களுக்காகப் பழைய ஆட்கள் திறந்து வைத்துவிட்டுப் போன சின்னக் கதவு அது. ஒரு பெண் களைத்துப்போய் மறந்துவிடலாம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு ஒன்பது பேர் தேர்வு எழுதினார்கள். கார்லா எல்லாக் கற்களையும் பார்த்து, கீறி, அமிலச் சொட்டு விட்டு, எழுதி முடித்துவிட்டாள். முந்தைய மூன்று நாளும் தளத்தில் காய்ச்சல். ஒரு பெண்ணுக்கு வாளி, இன்னொருத்திக்குக் கஞ்சி என்று நடையாய் நடந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பக்கத்தில் கணகணவென்றிருந்தது. ஒரு நிமிடம் தலையைச் சாய்க்கலாம் என்று கையை மடித்து, கன்னத்தை அதன்மேல் வைத்து, கற்கள் இருந்த மேஜைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே சுவர் இல்லை.

எழுந்தபோது எல்லோரும் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாயோரத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டு தன் தாளையும் கூடையில் போட்டுவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி நடந்தாள். வாக்கியத்தை எழுதவில்லை என்பதே அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் நேர்மைக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. குழு என்றால் மாணவர்கள்தான். தலைவி ஹாலி ப்ரென்னர். சட்டம் படிக்கப் போகிறவள், இப்போதே நீதிபதி மாதிரிதான் நாற்காலியில் உட்காருவாள்.

"உன் தாள்ல உறுதிமொழி இல்ல, கார்லா."

"ஐயோ. மறந்துட்டேன். குடு, இப்பவே போட்டுடறேன்."

"நாலு வருஷம் போட்டுட்டு இப்ப மறந்துட்டியா?"

"தூங்கிட்டேன் ஹாலி. முடிச்சுட்டுத் தலைய சாய்ச்சேன், அப்படியே போயிட்டேன்."

ஹாலி மென்மையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கார்லாவுக்கு முதல் பயம் வந்தது. "நான் கேட்டுப் பாத்தேன். நீ தலைய சாய்ச்சிருந்தே, ஆனா மேஜையப் பாத்துக்கிட்டே இருந்தேன்னு ரெண்டு பேர் சொல்றாங்க."

"நான் கண்ணைத் திறந்துக்கிட்டுதான் தூங்குவேன்."

"சரி. அதை அப்படியே எழுதிக்கட்டுமா?"

எழுதினால் எப்படி இருக்கும் என்று கார்லாவுக்கே தெரிந்தது. ஹாலி குரலைத் தாழ்த்தினாள். "இதோ பார், யாரையாவது காப்பாத்தணும்னு நீ நினைச்சா எனக்குப் புரியுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி. அன்னைக்குக் குழு முன்னாடி கையெழுத்துப் போடு, இல்ல பேரைச் சொல்லு. ரெண்டும் இல்லன்னா உன் தாளைத் திருத்த முடியாது. திருத்தலன்னா மே மாசம் உனக்குப் பட்டம் இல்ல."

பட்டம் இல்லை என்றால் என்னவென்று கார்லா நடந்துகொண்டே நினைத்துப் பார்த்தாள். அம்மா ஜூடித் மே மாதத்துக்கென்று இப்போதே ஒரு நீலச் சட்டை எடுத்து அலமாரியில் மாட்டி வைத்திருந்தாள். விதைப்பு நேரத்தில் வயலை விட்டு நகராத அப்பா, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனாலும் அவளுக்குப் பெரிய கவலை இல்லை. தான் எதையும் பார்க்கவில்லை; கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நேராக அறைக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. லிண்டாலில் தும்மினால் சாயங்காலத்துக்குள் எல்லோரும் மருந்து சொல்வார்கள். கார்லா தக்காளி சூப்போடு நடந்தபோது மேஜைக்கு மேஜை பேச்சு நின்று நின்று போனது. அந்த வகுப்பின் மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு மூலையில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று பிற்பகல், விடுதியின் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறைக்கு டெஸ்ஸா வான்கோ வந்தாள். டெஸ்ஸாவும் கார்லாவும் முதல் வருடப் பாட்டுக் குழுவிலிருந்து கூட்டு. இரண்டு பேருக்கும் சுருதி சேராது, அதில்தான் நட்பு. அந்தக் குன்றில் கார்லாவின் கட்டிலில் உட்கார்ந்து எதையும் கொட்டாமல் சும்மா காலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் டெஸ்ஸாதான். இப்போது அவள் கதவைச் சாத்திவிட்டு, ஓடுகிற இயந்திரத்தின்மேல் சாய்ந்து நின்றாள்.

"ஏன்டீ இப்படி வதைக்கிறே? சொல்றதா இருந்தா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"என்னத்தச் சொல்ல?"

"நடிக்காத. என் மூஞ்சிக்கு நேரா பாத்துக்கிட்டுதானே இருந்தே? நான் பெட்டியத் திருப்பினப்ப உன் கண்ணு என்மேலதான் இருந்துச்சு."

கார்லாவின் கையில் ஒரு ஈரச் சட்டை. அதை அவள் எங்கேயும் வைக்கவில்லை.

"ஒரே ஒரு கல்லுடீ" என்றாள் டெஸ்ஸா. "கால்சைட்டா டாலமைட்டான்னு குழப்பம். அமிலம் விட்டேன், பொங்குதா பொங்கலையான்னே தெரியல. கை தன்னால போயிடுச்சு. திருப்பிட்டு நிமிந்தா நீ பாக்கிற. நேத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்ல."

"டெஸ்ஸா, நான் தூங்கிட்டிருந்தேன்."

"கண்ணு திறந்திருந்துச்சே!"

"அப்படித்தான் தூங்குவேன். எங்க அப்பாவைக் கேளு. பாதிரியாரைக் கேளு."

டெஸ்ஸா முதலில் சிரித்தாள். பிறகு கார்லாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"இப்பத் தெரியும்."

இயந்திரம் தடதடத்து ஓய்ந்தது. டெஸ்ஸா முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். நாலு வருடம் வட்டமாக உட்கார்ந்து வாதாடிப் பழகியவர்களுக்கு வழி கிடைக்காமல் போகாது. "சரி, யோசி. வாக்கியத்துல என்ன இருக்கு? 'பார்க்கவும் இல்லை'ன்னுதானே? 'கேட்கவும் இல்லை'ன்னு இல்லையே? நீ பாக்கலையே. கையெழுத்துப் போட்டா அது பொய் இல்ல."

"ஆமா. பொய் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னன்னுதான் எனக்கும் தெரியல" என்றாள் கார்லா. அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடக் களைப்பாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் கதை சின்னது. மறுநாள் காலை நூலகப் படிக்கட்டில் வெண்டல் ப்ரூக்ஸ் வழிமறித்தான். கூடைப்பந்து ஆடுகிறவன், நல்ல உயரம். குனிந்து பேசும்போது பாவமாக இருக்கும். "கார்லா, ஒரு நிமிஷம். நீ பேரைச் சொல்லாம இருக்கிறதுக்கு ரொம்ப நன்றி" என்று ஆரம்பித்தான். கார்லா கையை நீட்டித் தடுத்தாள். "வெண்டல், வேணாம், சொல்லாத. நான் எதையும் பாக்கல." அவன் தலையாட்டினான். "தெரியும், நீ அப்படித்தான் சொல்லுவே. நீ நல்லவ. மூணு பெட்டிதான் திருப்பினேன். மூணே மூணு." அவன் லேசாகிப் படியிறங்கிப் போனான்.

மதியம் ஐவி க்ரோன். ஐவி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். ஒரு பேப்பரைக் கசக்கித் தரையில் போட மாட்டாள். கழிப்பறைக்குள் கார்லாவின் பின்னாலேயே வந்து, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள். அவள் எதையும் திருப்பவில்லை. வெண்டல் திருப்பியதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். "நீயும் பாத்தே, நானும் பாத்தேன். நீ கையெழுத்துப் போடல. நான் போட்டுட்டேன். என்னைப் பத்தி நீ என்ன நினைக்கிறே, கார்லா?"

"உன்னைப் பத்தி நான் ஒண்ணுமே நினைக்கல, ஐவி. நான் தூங்கிட்டிருந்தேன்."

"உனக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று ஐவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். குழாய்த் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

கார்லா அறைக்கு வந்து கதவைப் பூட்டினாள். பொறுப்பாளர் கதவைப் பூட்டக்கூடாது. பூட்டினாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எல்லோரும் வந்து கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய தாள்களில் கையெழுத்து அழகாக இருந்தது. அவள் தாள் ஒன்றுதான் வெறுமையாக இருந்தது. ஹாகன் அந்தத் தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பார். கற்களின் பேரைச் சரியாக எழுதியவர்களை நினைத்துத் தாடிக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பேர்களை அல்ல, பெட்டிகள் திருப்பப்படுகின்றன என்பதை மட்டும். அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான், மீதியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை மதியம் அவர் அறைக்குப் போனாள். ஹாகன் ஒரு சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தார். நாலு நாளில் ஒரு சுற்று இளைத்துவிட்டது போலிருந்தது.

"வாம்மா, உட்காரு. நானே உன்னைத் தேடி வரணும்னு இருந்தேன்" என்றார். "ஒரே ஒரு கேள்வி. ஹாலி என்னமோ சொல்றா, அவளை விடு. நீ என்கிட்ட சொல்லு. பெட்டியத் திருப்பினதை நீ பாத்தியா?"

"இல்ல சார். நான் தூங்கிட்டேன். கண்ணைத் திறந்துக்கிட்டுத் தூங்கற பழக்கம் எனக்கு. சத்தியமா எதையும் பாக்கல. ஆனா சார்..."

அவர் "ஆனா"வைக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. கையை எடுத்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது.

"என் வீட்டுக்காரி கிளாரா உயிரோட இருந்தப்ப இப்படித்தான் தூங்குவா" என்றார். "நான் பாட்டுக்குப் பேசிட்டே இருப்பேன். அவ கண்ணு என்மேல இருக்கும். காலையில கேட்டா ஒரு வார்த்தை தெரியாது." கண்ணைத் துடைத்தார். "நாலு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கலம்மா. இத்தனை வருஷத்துல என் வகுப்புல கையெழுத்தில்லாத தாள் ஒண்ணு வந்ததில்ல. மே மாசத்தோட நான் போறேன். கடைசியில இதைப் பாத்துட்டுத்தான் போகணுமான்னு நினைச்சேன். நீ என்னமோ சொல்ல வந்தியே?"

கார்லா அவரைப் பார்த்தாள். அவர் சாண்ட்விச்சை எடுத்துக் கடித்துவிட்டார். பசியோடு மென்றார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் ஹாகனே வந்து அவளுக்காகப் பேசினார். தன் மனைவியின் தூக்கத்தைப் பற்றி அவர் சொன்னபோது ஹாலிகூட மூக்கை உறிஞ்சினாள். தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். கார்லா பேனாவை எடுத்து, முழு வாக்கியத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உதவி கொடுக்கவில்லை; உண்மை. பெறவில்லை, உண்மை. பிறர் பெற்றதைப் பார்க்கவும் இல்லை, அதுவும் உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தது, மொத்தமாகப் படித்தால் பொய்யாக இருந்தது. நாலு வருடப் படிப்பில் இப்படி ஒன்று எழுத முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஹாகன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

லிண்டாலில் குழுவின் முடிவை, பேர் போடாமல், உணவுக்கூடத்துப் பலகையில் ஒட்டுவார்கள். "மாணவர் தேர்வின்போது உறங்கிவிட்டார். வேறு எதுவும் இல்லை" என்று ஒட்டினார்கள். கூடம் சிரித்தது. வெண்டல் சிரிக்கவில்லை. ஐவி அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமலே போனாள். ஒன்றும் தெரியாதவளிடம் போய்த் தாங்களே உளறிவிட்டோம் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வெண்டல் அவளைக் கண்டால் தூரத்திலேயே தலையாட்டிவிட்டு வேறு பாதையில் போனான். ஐவி ஒரு டப்பா நிறைய இஞ்சி பிஸ்கட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, தட்டாமல் போனாள்.

டெஸ்ஸா வந்தாள். வராமல் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குளிரைப் பற்றியும், வேலைக்கு எழுதிப் போட்டதைப் பற்றியும், சூப்பில் உப்பில்லாததைப் பற்றியும் பேசினாள். காலை ஆட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருந்தார்கள். கார்லாவுக்கு அதைவிடச் சண்டை தேவலை என்றிருந்தது.

பனி உருகியது, குன்று சேறானது, புல் வந்தது. தளத்துப் பெண்கள் முன்போலவே கதவைத் தட்டினார்கள், கொட்டினார்கள், போனார்கள். கார்லா தலையாட்டிக் கேட்டாள். ஆனால் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் இப்போது கண் இறுக மூடிக்கொண்டது, தூக்கம்தான் வரவில்லை. அம்மா தொலைபேசியில், "குரலே ஒரு மாதிரி இருக்கே, நல்லாத் தூங்கறியா?" என்று கேட்டாள். "மே மாசம் தூங்கிக்கலாம்மா" என்றாள் கார்லா.

மே மாதம் பட்டமளிப்புக்கு முந்தைய சாயங்காலம், கடைசி வருட மாணவர்களுக்கு உணவுக்கூடத்தில் விருந்து. ஜன்னல்களுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, ருபார்ப் கேக். அந்த வருடம் ஓய்வு பெறுகிறவர் ஹாகன் ஒருவர்தான். கடைசியில் அவரைப் பேசச் சொன்னார்கள். கார்லா நடு மேஜையில் இருந்தாள். பக்கத்தில் டெஸ்ஸா, எதிரே வெண்டல், அந்த ஓரம் ஐவி. யாரும் திட்டமிட்டு உட்காரவில்லை. சின்னக் கல்லூரியில் எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான் அமையும்.

ஹாகன் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சில பழைய வேடிக்கைகளைச் சொன்னார், சிரித்தார்கள். பிறகு குரல் மாறியது.

"எனக்கு அப்புறம் வரப்போற பையன் கெட்டிக்காரன்" என்றார். "ஓரகன்லேர்ந்து வர்றான். போன வாரம் என் கல்லுகளைப் பாக்க வந்தான். பெட்டியத் திருப்பிப் பாத்துட்டு, 'சார், அடியில பேரு இருக்கே, இதை ஒட்டி மறைச்சிடலாமா?'ன்னு கேட்டான். நான் சொன்னேன், தம்பி, நான் வந்த வருஷத்துலேர்ந்து அந்தப் பேரு அங்கதான் இருக்கு. நான் காபி குடிக்கப் போவேன், கதவு சாத்தியிருக்கும். இன்னைக்கு வரைக்கும் என் பிள்ளைங்க ஒருத்தரும் அதைத் திருப்பினதில்ல. நான் வேற எதையும் இந்த ஊர்ல சாதிக்கல. கல்லைப் பத்தி எழுதினவன் ஆயிரம் பேர் இருக்கான். ஆனா இது என்னோடது. அந்தப் பெட்டிகளை அப்படியே விட்டுட்டுப் போறேன். உங்களுக்கு ரொம்ப நன்றி."

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. வெண்டல் நீளக் கைகளால் தட்டினான், முகம் சிவந்து. ஐவி அழுதுகொண்டே தட்டினாள். டெஸ்ஸாவும் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினாள்.

கார்லாவும் எழத்தான் நினைத்தாள். அவள் அந்த மனிதரை அவ்வளவு நேசித்தாள். கையைத் தூக்க வேண்டும், ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். டிசம்பரில் பேனாவைத் தூக்கியதைவிட அது சுலபம். ஆனால் அதுவும் ஒரு கையெழுத்துதான் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது முறை போட அவளிடம் தெம்பில்லை. கை மடியிலேயே கிடந்தது.

கை தட்டல் நீண்டது. ஹாகன் சிரித்தபடி மேஜை மேஜையாகப் பார்த்து வந்தார், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தலையாட்டல். நின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் அவர் பார்வை வந்து நின்றது. அவள் கண்ணைப் பார்த்தார். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். அந்தக் குன்றில் எதையும் போடாமல் விட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அவர் ஒரு வழி தேடினார். அது அவர் முகத்தில் தெரிந்தது. புருவத்தை உயர்த்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கிளாராவைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

டெஸ்ஸா குனிந்து, பதறிய குரலில் அவள் காதுக்குள் கேட்டாள். "கார்லா! ஏய், தூங்கிட்டியா?"

கார்லா ஹாகனிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை. தலையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினாள், அவருக்குத் தெரியும்படி.

"இல்லடீ" என்றாள். "முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."